வீட்டு விலாசத்தில் கட்டிய மாடுகள்

ஆபீசில் அவளுக்கு ஜீரோ மேடம் என்று பெயர். வைத்தது யார் என்று கேட்டால் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆனால் அவள் படியேறி வரும் செருப்புச் சத்தம் கேட்டதும் "ஜீரோ வருது, ஜீரோ வருது" என்று மேசைக்கு மேசை குசுகுசுப்பு ஓடும். அவளுக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல உள்ளே வந்து, பையை நாற்காலி முதுகில் மாட்டி, கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்புவாள். அது முழித்துக்கொள்வதற்குள் ஒரு டீ குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம்.

விவசாயத் துறையில் நீர்ப் பாதுகாப்புப் பிரிவு. மாடியில் இரண்டு அறை, ஒரு ஜன்னல், அந்த ஜன்னலையும் பாதி மறைத்துக்கொண்டு ஒரு பீரோ. வயலில் போடுகிற உரமும் மாட்டுச் சாணமும் மழையோடு மண்ணுக்குள் இறங்கி எங்கே போகிறது, எந்த ஊற்றில், எந்த ஏரியில் போய்ச் சேருகிறது என்று சொல்வதுதான் அங்கே வேலை. ஒவ்வொரு வயலையும் தோண்டிப் பார்த்துச் சொல்ல முடியுமா? நடக்கிற காரியமா அது? அதனால் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு நிலத்தைச் செய்து வைத்திருந்தார்கள். சுற்று வட்டாரம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன மண், எவ்வளவு ஆழம், என்ன சரிவு, எவ்வளவு மழை, என்ன உரம், எத்தனை மாடு என்று ஊட்டிவிட்டால், மழை பெய்தால் எந்தக் கட்டத்திலிருந்து எவ்வளவு நைட்ரேட், அதாவது உரத்திலும் சாணத்திலும் இருந்து வருகிற உப்பு, கீழே இறங்கும் என்று அது சொல்லும். நல்ல கட்டம் வெளிர்பச்சை. மோசமான கட்டம் கருஞ்சிவப்பு. காகிதத்தில் இதற்குக் கணினி மாதிரி என்று பெயர். வாயில் எல்லாருக்கும் மாடல். அவளுடைய அம்மா இருந்தவரை அக்கம்பக்கத்தில் "என் பொண்ணு மாடல் பண்றா" என்று வேண்டுமென்றே சொல்லிவிட்டு, கேட்டவர்கள் இவளை ஏற இறங்கப் பார்ப்பதை வேடிக்கை பார்ப்பாள்.

ஜீரோ மேடம் என்ற பெயர் வந்த கதை இதுதான். எவ்வளவு உரம் போட்டீர்கள் என்று கேட்ட இடத்தை விவசாயி நிரப்பாமல் விட்டுவிட்டால், கம்ப்யூட்டர் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, அந்த வயலைப் பச்சைக் குழந்தை மாதிரி சுத்தமாகக் காட்டிவிடும். இவளுக்கு அதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். "காலி வேற, ஜீரோ வேற! சொல்லலைன்னா போடலைன்னு அர்த்தமா?" என்று கத்திவிட்டு, விட்டுப்போன ஒவ்வொரு இடத்துக்கும் ஆளைப் பிடித்துப் போன் போடுவாள். எதிர்மேசைக்காரர் ஒருமுறை விடுப்புக் கடிதத்தில் தேதியை நிரப்பாமல் கொடுத்தபோது, "அப்ப ஜீரோ நாள்னு எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டு அவரை அழவைக்காத குறை. அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. செய்துவைக்க யாருக்கும் நேரமில்லை, கேட்க அவளுக்கு வாய் இல்லை, வயசும் போய்விட்டது. இருக்கிற ஒரே ஒட்டு தம்பிதான். பத்து வயது இளையவன். அப்பா போனபின் அம்மா வேலைக்குப் போக, இவள்தான் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள். அவனுக்குப் படிப்பு ஏறவில்லை, மாடு ஏறியது. ஒன்று வாங்கினான், ஒன்று இரண்டானது, இரண்டு கொட்டில் நிறைந்தது. முதல் மாட்டுக்கு அவன் வைத்த பெயர் மேடம். "ஏன்டா இப்படி?" என்று இவள் சண்டைக்குப் போனதற்கு, "கோவம் வந்தா உதைக்குது அக்கா. ஆனா பால நிறுத்தாது" என்றான். அதற்குப் பிறகு அவளால் கோபப்பட முடியவில்லை. அவன் போன் செய்து "மேடம் இன்னைக்குச் சரியாத் தின்னல" என்றால், தானே சாப்பிடாதவள் மாதிரி "ஏன், என்னாச்சு?" என்று பதறுவாள்.

அந்த வருஷம் ஏரி பாசி படிந்து பச்சையாகிப் போனது. அழகான பச்சை இல்லை, மூக்கைப் பொத்திக்கொண்டு போகிற பச்சை. மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: மாடலை ஓட்டி மேப் போடுங்கள், கருஞ்சிவப்பாக வருகிற கட்டங்களில் மாடுகளைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். அவள் ஓட்டினாள். மேப் வந்தது. எந்தக் கட்டம் யாருடையது என்று பார்க்கக்கூடாது என்பது அவள் தனக்கே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. பார்க்காமலே அனுப்பினாள். கீழே அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

மறுநாள் தம்பி படியேறி வந்தான். கையில் போன், போனில் மேப்பின் படம்.

"அக்கா, இது என்னது?"

"மேப்புடா."

"மேப்புன்னு எனக்கும் தெரியுது. என் வீட்டு மேல ஏன் ரத்தத்த ஊத்தி வெச்சிருக்கீங்க?"

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். ஏரிக்கரையில் அவன் வீடு இருந்த கட்டம் கருஞ்சிவப்பு.  ஆனாலும் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவள் ஆயிற்றே, விட்டுக்கொடுப்பாளா?

"மாடு வளர்க்கறல்ல? அதான்."

"வளர்க்கறேன். அங்கயா வளர்க்கறேன்? எத்தன தடவ சாப்பிட வந்திருக்க? வாசல்ல ஒரு மாட்டப் பாத்திருக்கியா? கொல்லையில பாத்திருக்கியா? கட்டிலுக்கு அடியில?"

எதிர்மேசைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. அறையே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. கொட்டில் மேட்டில் இருக்கிறது. தம்பிக்கு மாமனார் வழியில் வந்த நிலம், வீட்டிலிருந்து சைக்கிளில் போனால் மூச்சு வாங்கும் ஏற்றம். ஈயும் நாற்றமும் வேண்டாம் என்று அவன் மனைவி சொல்லி, கல்யாணமான புதிதிலேயே மாடுகளை அங்கே ஏற்றிவிட்டான். இது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவளுடைய மாடலுக்குத்தான் தெரியவில்லை.

மாட்டுக் கணக்கு கால்நடைப் பதிவிலிருந்து வருகிறது. காதில் வில்லை மாட்டிய ஒவ்வொரு மாட்டுக்கும் அங்கே ஒரு சொந்தக்காரர், அவருக்கு ஒரு விலாசம். தபால் போய்ச் சேரவேண்டிய விலாசம் அது. அதைத்தான் கம்ப்யூட்டர் மாடு நிற்கிற இடம் என்று எடுத்துக்கொண்டு, சாணம், மூத்திரம், சகலத்தையும் வீட்டு வாசலிலேயே கொட்டியிருக்கிறது. அவள் அவசர அவசரமாக மற்றவர்களையும் பார்த்தாள். நகரத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் ஒரு பல் டாக்டரின் நாற்பது மாடுகளும் அவருடைய பிளாட்டிலேயே நின்றுகொண்டிருந்தன. காலியாக விட்ட இடத்தையெல்லாம் இத்தனை வருஷம் குடைந்தெடுத்தவள், நிரம்பியிருந்த இடத்தை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அவமானத்தில் காது சுட்டது. கூடவே, சொல்லப்போனால், உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. தம்பி தப்பித்தான்.

பிரிவுத் தலைவர் நல்ல மனிதர். ஓய்வு பெறுகிற வயசு, யாரோடும் முகம் முறித்துக்கொள்ளமாட்டார். "உங்க தம்பிக்கு மட்டும் மாத்தினா ஊர் சிரிக்கும் மேடம். மாத்தறதா இருந்தா எல்லாருக்கும் மாத்துங்க" என்றார். நியாயம்தான். களப்பணியாளர்கள் ஒவ்வொரு கொட்டிலுக்கும் போய், போனை வைத்து இடத்தைப் புள்ளியாகக் குறித்துக்கொண்டு வந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் முணுமுணுத்துக்கொண்டே காட்ட, இவளுடைய தம்பி ஒருத்தன்தான் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, முன்னால் நடந்து அழைத்துப் போய், கொட்டிலின் நட்டநடுவில் நின்று "இங்க எடுங்க சார், இங்க" என்று காட்டினான். அப்படியே ஒரு படமும் எடுத்து அனுப்பினான். மாட்டின் கழுத்தில் கை போட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். கீழே எழுதியிருந்தான்: "மேடம் பக்கத்துல நிக்கறேன் மேடம். இப்ப சரியா?"

மாடல் மறுபடி ஓடியது. அது முடிந்த காலையில் அவள் தனக்குப் போட்டுக்கொண்ட கட்டுப்பாட்டை மீறி முதலில் தம்பி வீட்டைத்தான் பார்த்தாள். வெளிர்பச்சை. மாடு: பூஜ்யம். பல் டாக்டரின் பிளாட்டும் பச்சை. வாய்விட்டே சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு மேட்டுப் பக்கம் மேப்பை நகர்த்தினாள்.

மேப்பிலேயே அவ்வளவு அடர்ந்த சிவப்பு வேறெங்கும் இல்லை.

அந்தக் கட்டத்தில் மண் ஒரு சாண் ஆழம்கூட இல்லை. அதற்குக் கீழே வெடிப்பு விழுந்த பாறை. பாறைக்குக் கீழே ஊற்று. அந்த ஊற்றிலிருந்துதான் ஏரிக்கரைத் தெருக்களுக்கெல்லாம் குழாய் போகிறது. மற்ற இடம் என்றால் பாதி மாடுகளைக் குறைத்தால் போதும். குடிநீர் ஊற்றுக்கு மேலே என்றால் சட்டம் வேறு: ஒரு மாடுகூட நிற்கக்கூடாது.

 எங்கேயாவது காலி இடம் இருக்கிறதா என்று தேடினாள். மழை சரி. சரிவு சரி. மண்ணின் ஆழம் சும்மா போட்டதாக இருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டே பார்த்தாள். அதுவும் சரி, அவளே நச்சரித்து ஆள் அனுப்பித் துளை போட்டு அளக்கச் சொன்ன ஆழம். பழைய தப்பான மேப்பில் அவனுக்குப் பாதி மாடு போயிருக்கும். அவள் சரிசெய்த மேப்பில் எல்லாம் போகிறது. கொட்டிலை வேறெங்கும் மாற்ற அவனுக்கு நிலமும் கிடையாது, வாங்கக் காசும் கிடையாது.

பிரிவுத் தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார்.

"மேடம், புள்ளி எங்க விழுந்திருக்கு பாருங்க. ரெண்டு கட்டத்துக்கும் நடுவுல, கோட்டு மேல. பக்கத்துக் கட்டம் என்ன மண்ணு?"

"களிமண் சார். நல்ல ஆழம். தண்ணி அவ்வளவு சுலபமா இறங்காது."

"அப்பறம் என்ன? போன்ல எடுத்த புள்ளி அஞ்சாறு மீட்டர் அங்க இங்க இருக்கத்தான் செய்யும். அந்தப் பக்கம் தள்ளுங்க. எவன் கேக்கப் போறான்? நான் கையெழுத்துப் போடறேன்."

அவள் தள்ளிப் பார்த்தாள். ஆறு மீட்டர். திரையில் ஒரு கடுகளவு. அந்த ஒரு பகுதியை மட்டும் ஓட்டினாள். சிவப்பு போய் இளமஞ்சள் வந்தது. மாடுகள் எல்லாம் நின்றன, மேடம் நின்றது, தம்பி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அப்படியே விட்டுவிட வேண்டும் என்று சத்தியமாக ஆசைப்பட்டாள். ஊருக்கெல்லாம் நியாயம் பேசியாயிற்று. கூடப் பிறந்தவனுக்கு ஆறு மீட்டர் கொடுத்தால் என்ன குடி முழுகிவிடும்? ஆனால் விரல் சேமிக்கிற பொத்தானுக்குப் போக மறுத்தது. போய்ப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தாள். கொட்டில் கழுவுகிற தண்ணீர் களிமண் பக்கம் ஓடினால் புள்ளியை அந்தப் பக்கம் தள்ளலாம், மனசு உறுத்தாது. அது களிமண் பக்கம்தான் ஓடவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை. தம்பி குழாயைப் பிடித்துக் கொட்டில் தரையைக் கழுவிக்கொண்டிருந்தான். அக்காவைக் கண்டதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"வாக்கா, வா வா! மேடம், யாரு வந்திருக்கா பாரு!"

மாடு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தீவனத்துக்குள் மூக்கைவிட்டது. அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாணம் கரைந்த தண்ணீர் வாய்க்காலில் ஓடிக் கொட்டிலின் பின்பக்கம் போனது.

"அந்தத் தண்ணி எங்கடா போகுது?"

அவன் முகம் மலர்ந்தது. "அத அப்படிக் கேளு. இந்த எடத்துல எதுக்குக் கொட்டில் போட்டேன்கற? எல்லாரும் பக்கத்துக் களிமண் நிலத்த வாங்கிப் போடச் சொன்னாங்க. போட்டிருந்தா மாடு மொழங்கால் சேத்துல நிக்கும், குளம்பெல்லாம் அழுகும். இங்க எவ்வளவு மழை கொட்டினாலும் ஒரு சொட்டு தேங்காது அக்கா. எவ்வளவு ஊத்தினாலும் பாறை குடிச்சிடும்!"

அவள் பின்பக்கம் போனாள். பாறையில் கையை நுழைக்கலாம் போல ஒரு வெடிப்பு. வாய்க்கால் தண்ணீர் அதன் வாயில் வந்து, ஒரு சுழி சுழித்து, களக் களக்கென்று உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் திரையில் நிறமாகப் பார்த்ததை இப்போதுதான் காதால் கேட்டாள். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"வீட்டுக்குப் போலாம் வாடா. பேசணும்."

வீட்டில் தம்பி மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் புட்டியில் பால் மாவைக் கொட்டிக்கொண்டிருந்தாள். மூன்று மாதக் குழந்தை. "வாங்க அண்ணி. ஊருக்கெல்லாம் பால் ஊத்தறவரு பொண்ணு டப்பாப் பால் குடிக்குது பாருங்க. எனக்குப் பத்தல, மாட்டுப்பால் இப்பக் கூடாதுன்னுட்டார் டாக்டர்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுப்பிலிருந்த பாத்திரத்திலிருந்து வெந்நீரைச் சாய்த்தாள்.

"ஏம்மா, அது குழாய்த் தண்ணியா?"

"ஆமா. கொதிக்க வெச்சதுதான் அண்ணி."

அவள் எட்டிப் புட்டியைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்மா. இதுல கலக்காத. கொதிக்க வெச்சாக் கிருமி சாகும். தண்ணியில எறங்கியிருக்கற நைட்ரேட் சாகாது. சுண்டச் சுண்ட இன்னும் ஜாஸ்தியாகும்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். வெடிப்பு, ஊற்று, குழாய், சிவப்பு. நைட்ரேட் கூடினால் கைக்குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்காது, உதடு நீலம் பாரிக்கும் என்பதையும் சொன்னாள். ஊற்றுத் தண்ணீரைச் சோதிக்கிறவர்கள் கோடையில் வந்து எடுத்துப்போகிறார்கள். மழை பெய்து எல்லாம் உள்ளே இறங்குகிற காலத்தில் யாரும் எடுத்ததில்லை என்றும் சொன்னாள். தம்பி மனைவி குழந்தையின் உதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். அது நன்றாகச் சிவந்துதான் இருந்தது. பசியில் கத்தியது.

தம்பி குழந்தையை மனைவியிடமிருந்து வாங்கிக்கொண்டான். 

"அப்ப நான்தான் என் கொழந்தைக்கு விஷம் வெக்கறேன்?"

"அப்படிச் சொல்லலடா."

"உன் கம்ப்யூட்டர் சொல்லுது. போன மாசம் என் கட்டிலுக்கு அடியில மாடு நிக்குதுன்னு சொன்ன அதே கம்ப்யூட்டர். அன்னைக்குப் பொய், இன்னைக்கு மட்டும் உண்மையா?"

 நியாயமான கேள்வி. எழுந்து போய், பையில் வைத்திருந்த சோதனைப் புட்டியைக் குழாயில் பிடித்து நிரப்பி, மூடி, அவன் எதிரிலேயே வைத்தாள். "என்ன நம்ப வேணாம். இது சொல்லட்டும்."

"புள்ளிய நானே காட்டினேனே" என்றான் அவன். "நடுவுல நின்னு காட்டினேனே. அத மாத்த முடியாதாக்கா?"

"முடியும். ஆறு மீட்டர் தள்ளினாப் போதும், நீ தப்பிச்ச. கையெழுத்துப் போடக்கூட ஆள் இருக்கு." அவள் புட்டியின் மூடியை இன்னும் ஒரு திருகு திருகினாள். "புள்ளியத் தள்ளிடுவேன்டா. அந்த வெடிப்ப எங்க தள்றது?"

அவன் குழந்தையைப் பார்த்தான். எதிரிலிருந்த சோதனைப் புட்டியைப் பார்த்தான். "எந்திரிச்சுப் போக்கா" என்றான்.

அவள் போனாள். பஸ்ஸில் உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்தாள். மறுநாள் புள்ளியை இருந்த இடத்திலேயே விட்டு மேப்பை அனுப்பினாள். பிரிவுத் தலைவர் அவளைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். குழாய்த் தண்ணீரின் சோதனை முடிவும் அந்த வாரமே வந்தது. கைக்குழந்தைக்குக் கொடுக்கலாம் என்ற அளவைத் தாண்டியிருந்தது. மாடல் சொன்னதை ஒட்டியே இருந்தது. இத்தனை வருஷ வேலையில் அவளுடைய கணக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதே இல்லை. ஆபீசில் எல்லாரும் கைகொடுத்தார்கள். அவளுக்கு அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

உத்தரவு போய்ச் சேர்ந்தபிறகு ஒருநாள் மத்தியானம் தம்பி மனைவி போன் செய்தாள். மெதுவாகப் பேசினாள்.

"அண்ணி, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. கொழந்த எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கா. நீங்க வந்துட்டுப் போனீங்கள்ல, அன்னைக்குச் சாயங்காலமே கேன்ல தண்ணி வாங்கிட்டு வந்துட்டார். இப்ப வரைக்கும் அதுதான். குழாய்த் தண்ணியத் தொடவிட மாட்டேங்கறார்." சற்று நிறுத்தினாள். "உங்க பேர எடுத்தா மட்டும் எந்திரிச்சுப் போயிடறார். என்ன சொல்லியும் கேக்கல."

"மாடெல்லாம்?"

"இன்னைக்குக் காலைல வித்து, லாரில ஏத்தி அனுப்பிட்டோம் அண்ணி. எல்லாத்தையும் அவரே கயித்தப் பிடிச்சு ஏத்தினார். கடைசில மேடத்த ஏத்த லாரிக்காரன் போனான். 'அத விடு'ன்னுட்டார்.  மேட்டுல இருந்து இங்க வரைக்கும் நடத்திக் கூட்டிட்டு வந்து, வாசல்லயே கட்டிட்டார். ஈ மொய்க்குது, நாறுது. நானும் ஒண்ணும் சொல்லல."

பின்னால் ஒரு குரல் "யாரு போன்ல?" என்று கேட்டது. "அண்ணி" என்றாள் அவள். அதன்பிறகு அந்தப் பக்கத்தில் ஒரு கதவு சாத்துகிற சத்தம்தான் கேட்டது.

போனை வைத்துவிட்டு அவள் கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பினாள். மேட்டுக் கட்டத்தைத் திறந்து மாடுகளை எடுத்துவிட்டாள். பிறகு ஏரிக்கரையில் தம்பியின் விலாசம் இருந்த கட்டத்தைத் திறந்தாள். மாடு: பூஜ்யம் என்றிருந்தது. அதை அழித்துவிட்டு, ஒன்று என்று அடித்தாள். சேமித்தாள். எதிர்மேசைக்காரர் ஏதோ கேட்டார், அவளுக்குக் காதில் விழவில்லை. கட்டத்தின் நிறம் மாறுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாறவில்லை. ஒரே ஒரு மாட்டுக்கெல்லாம் அது மாறாது.